பெரட்டுக்கு வந்த வால்யூம்

நான் வேலையை விட்டு வந்த பிறகு ஈப்போ அலுவலகத்தில் பெரிய திரை ஒன்று வைத்திருக்கிறார்களாம். எங்கள் சேமிப்பு வால்யூம்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு புள்ளி. நன்றாக இருந்தால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு. இப்போது அங்கே வேலை பார்க்கும் கவிதா அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கூடவே குரலும் பதிந்து அனுப்பினாள்: "அண்ணே, நீங்கள்லாம் கறுப்பு ஸ்கிரீன்ல டைப் அடிச்சித்தான் பார்ப்பீங்களாமே. அதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்கலா. புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்."

புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய கதை எதற்கு என்று முதலில் தட்டிக்கழித்தேன். அப்புறம் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் பச்சை. பார்க்கிறவர்களுக்கு அது சந்தோஷமாக இருக்கும். எனக்கு அந்தப் பச்சைமேல் நம்பிக்கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணினி படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை போட்டபோது எங்கள் குடும்பம் ஈப்போவை ஒட்டிய லகாட்டுக்கு வந்தது. பள்ளி முடித்ததும் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் கணினி அறையில் தகவல் பதியும் நாடாக்களை மாற்றும் வேலை கிடைத்தது. அறை குளிராக இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன. நாடா போய் வட்டு வந்தது. கம்பெனிகள் சொந்தமாக இயந்திரம் வாங்கி அடுக்கின. பிறகு அவற்றை விற்றுவிட்டு கிளவுட் என்கிற மேகத்தில் இடம் எடுத்தன. சொந்த வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போவது மாதிரிதான் அது. நானும் சாமான்களோடு சாமானாக வீடு மாறினேன். கடைசியாக நான் சேர்ந்தது, சிறிய மருந்தகங்களுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் தகவல்களைப் பாதுகாத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. மாடியில் அலுவலகம், கீழே டயர்க் கடை.

வால்யூம் என்பது வேறொன்றுமில்லை. நமக்குத் தெரியாத ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் இயந்திரங்களில், நமக்கென்று ஒதுக்கிக் கொடுத்த வட்டு. தொட்டுப் பார்க்க முடியாது. விளக்கு மினுக்குகிறதா, சத்தம் மாறுகிறதா என்றெல்லாம் கவனிக்க முடியாது. நாடா அறையில் நான் காதால் கண்டுபிடித்த கோளாறுகள் எத்தனையோ. இங்கே காதுக்கு வேலையில்லை. எழுதித்தான் கேட்க வேண்டும்.

காலையில் முதல் வேலையே அதுதான். கறுப்புத் திரையைத் திறந்து, வாடகைக்குக் கொடுத்தவனிடம் ஒரே ஒரு வரி கேட்போம்: என் வால்யூம்களின் நிலை என்ன? என்டர் தட்டியதும் பதில் மளமளவென்று இறங்கும். ஒவ்வொரு வால்யூமுக்கும் ஒரு பத்தி. முதலில் பெயர். அடுத்தது நிலை. ஓகே என்று வந்தால் நல்லது. பழுது என்றும் வரலாம். போதிய தகவல் இல்லை என்றும் வரலாம், சோதனை இன்னும் முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். அதற்குக் கீழே, எழுதுவதும் படிப்பதும் நடக்கிறதா, வழக்கமான வேகத்தில் நடக்கிறதா என்ற விவரம். அதற்கும் கீழே நிகழ்வு என்று ஒரு வரி, நீங்கள் செய்ய வேண்டியது என்று ஒரு வரி. இந்தக் கடைசி இரண்டும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். வெறுமையாகவே பார்த்துப் பார்த்துக் கண் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிடும்.

இந்தக் காலைச் சோதனைக்கு எங்கள் அலுவலகத்தில் பெரட்டு என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது. அங்கே இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் தோட்டத்துப் பிள்ளைகள்தான், யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசிப்பார்களே, அதுதான் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி பெயரைச் சொல்லுவார். ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அன்றைக்குப் பேர் உண்டு, கூலி உண்டு, அவ்வளவுதான் கணக்கு. குரல் கொடுத்தவனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. என் அப்பா காய்ச்சலோடு போய்க் குரல் கொடுத்துவிட்டு, ரப்பர்ப் பால் மரத்தடியில் சுருண்டு படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகப் பெரட்டும் நாளாக ஆக அப்படித்தான் ஆகிவிட்டது. பெயர், ஓகே. பெயர், ஓகே. மலாய்க்காரப் பையன் அஸ்லான்கூட "பெரட்டு முடிஞ்சிலா" என்று தமிழிலேயே சொல்லப் பழகிவிட்டான்.

இதில் சேராத ஒரே ஆள் எங்கள் பகுதித் தலைவி ரோஸ் மேரி. என்னைவிட நன்றாகவே இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னைக் கோபால் அண்ணே என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல்.

அவர் பதிலைப் படிக்கும் விதம் தனி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ரூலர் ஒன்றை எடுத்துத் திரையில் வரிக்குக் கீழே வைப்பார். ஒரு வரி படித்ததும் ரூலரை ஒரு வரி இறக்குவார். வெறுமையான வரிக்கும் அதே மரியாதை. "ஒண்ணும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். ஆரம்பத்தில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். மாதா கோயிலில் ஜெபமாலை உருட்டுகிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே ரூலரை இறக்குவார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். பார்க்க மட்டும் செய்யும் கட்டளையை யாரும் தனியாக அடிக்கலாம். எதையாவது மாற்றும் கட்டளை என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடித்துவிட்டு, என்டரைத் தொடாமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர் கேட்டுவிட்டு "போலாம்" என்று சொல்ல வேண்டும். ஓகே என்று சொல்லக்கூடாது. "ஓகேங்கிறதை நாக்கு தானாச் சொல்லிரும் அண்ணே. போலாம்னு சொல்லணும்னா கொஞ்சம் யோசிக்கணும்லா" என்றார். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

கதைக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் டயாலிசிஸ் மையங்களின் வால்யூம் பழுது என்று வந்தது. உள்ளே இருக்கும் தகவல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், வாடகைக்குக் கொடுத்தவனின் இயந்திரமே அந்த வால்யூமில் எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்திவிடும். கதவைச் சாத்திவிடுவது மாதிரி. நாம் சோதித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் நாமே திறந்துகொள்ள வேண்டும். ரோஸ் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே ஒரு கோளாறும் இல்லை. அதற்குள் டயாலிசிஸ் மையங்களின் திரைகள் எல்லாம் அசையாமல் நின்று, தாதிகள் கூப்பிட்டுக் கத்தி, மையங்களை நடத்தும் அறநிறுவனத்துக்காரர்கள் எங்கள் மேலாளர் சிவாவைக் கூப்பிட்டுக் கத்தி, சிவா எங்களிடம் வந்தார்.

"இனிமே தானாத் தொறந்துக்கிற மாதிரி வச்சிருங்க" என்றார்.

அப்படி ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது. வைத்துவிட்டால், சந்தேகம் வந்தாலும் கதவு மூடாது. நிலையும் ஓகே என்றே வரும். சந்தேகம் வந்த செய்தி கீழே நிகழ்வு என்ற வரியில் மட்டும் இருக்கும். ரோஸ் இதையெல்லாம் எடுத்துச் சொன்னார். சிவா கெட்டவர் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவர். கடைசியில் எழுத்தில் உத்தரவு கொடுத்தார். ரோஸ் அடித்தார், சத்தமாகப் படித்தார், நான் போலாம் என்றேன். அதோடு சிவா, காலையில் தன் கைப்பேசிக்கு நீளமான பதில் வேண்டாம், பெயரும் நிலையும் மட்டும் போதும் என்றார். அஸ்லான் அப்படி ஒரு சுருக்கம் செய்து கொடுத்தான். அழகாக இருந்தது. எல்லாரும் அதையே பார்க்க ஆரம்பித்தோம்.

இப்போது என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி பத்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. அது சிறுநீரகத்தில் கொண்டுபோய் விட்டதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஈப்போ டயாலிசிஸ் மையத்துக்குப் போய் மெஷினில் படுத்துவந்தாள். அந்த மையத்தின் தகவல் எங்கள் வால்யூமில் இருந்தது. அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. வீட்டு வியாதியை வெளியில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

டயாலிசிஸில் ஒரு எண் முக்கியம். உடம்பில் தேவைக்கு மேல் தண்ணீர் இல்லாதபோது நோயாளியின் எடை எவ்வளவு என்று மருத்துவர் குறித்திருப்பார். வந்ததும் எடை பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மெஷின் தண்ணீராக இழுத்துவிடும். ஆள் நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டால் மருத்துவர் அந்த எண்ணைக் கூட்டி எழுதுவார். கூட்டியது மறந்துபோய்ப் பழைய எண்ணே திரையில் வந்தால், மெஷின் சதையையும் தண்ணீர் என்றுதான் நினைக்கும். இல்லாத தண்ணீரை ரத்தத்திலிருந்து இழுக்கும். பத்மா கொஞ்ச நாளாகத்தான் தேறியிருந்தாள். அவளுடைய எண்ணை அப்போதுதான் கூட்டியிருந்தார்கள்.

ஹரிராயா நோன்புப் பெருநாள் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருந்த ஒரு காலை. பத்மாவை மையத்தில் இறக்கிவிட்டு நான் அலுவலகத்துக்கு வந்தேன். அஸ்லான் பெரட்டு முடித்து, எல்லாம் ஓகே என்று சிவாவுக்கு அனுப்பியிருந்தான். ரோஸ் பல் மருத்துவரிடம் போய்விட்டுத் தாமதமாக வந்தார். ஒரு கன்னம் மரத்துப்போயிருந்தது. வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் கறுப்புத் திரையைத் திறந்து முழுப் பதிலையும் கேட்டு, ரூலரை எடுத்தார். எங்களுக்கு அது வேண்டாத வேலையாகத் தெரிந்தது.

ரூலர் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"கோபால் அண்ணே, கொஞ்சம் வாங்க. இந்த வரியை நீங்க படிங்க."

படித்தேன். டயாலிசிஸ் மையங்களின் வால்யூம். நிலை ஓகே. எழுதுவது நடக்கிறது, படிப்பது நடக்கிறது. நிகழ்வு: தகவல் பொருந்தாமல் போயிருக்கலாம். நேரம் விடியற்காலைக்கு முன்னால் போட்டிருந்தது. அப்படியென்றால் அன்றைக்குக் காலையில் மையங்களின் திரைகளில் தாதிகள் பார்த்த எந்த எண்ணையும் நம்ப முடியாது.

சிவா தன் அறையிலிருந்து வந்தார். "ஓகேன்னுதான இருக்கு? அஸ்லான் அனுப்பினதுலயும் ஓகேதான."

"இருக்கேன்னு சொல்லுது சார்" என்றார் ரோஸ். "நல்லா இருக்கேன்னு சொல்லலை."

"இப்ப சென்டர் சிஸ்டத்தை நிறுத்தினா போன வாட்டி மாதிரி ஆயிரும். அன்னிக்கும் உள்ள ஒண்ணும் இல்லையேலா. மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்."

"மெஷின்ல படுத்திருக்கிறவங்க பொறுக்கணுமே சார்."

சிவா திரையைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்துங்க. மேலே நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அறநிறுவனத்துக்காரர்களைக் கூப்பிடப் போனார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மையங்களின் செயலியை நிறுத்தும் கட்டளையை நான்தான் அடித்தேன். சத்தமாகப் படித்தேன். பாதியில், பத்மா இப்போது மெஷினில் இருப்பாள் என்ற நினைப்பு வந்து நிறுத்திவிட்டேன். ரோஸ் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து, "திரும்ப முதல்லேருந்து" என்றார். திரும்பப் படித்தேன். "போலாம்" என்றார். என்டர் தட்டினேன். அந்த நொடியில் பேராக் மாநிலம் முழுக்க அந்த மையங்களின் திரைகள் அணைந்திருக்கும்.

அடுத்து, வால்யூமைத் தொடுவதற்கு முன் அதை ஒரு பிரதி எடுக்க வேண்டும், நேற்றைய பிரதியிலிருந்து புது வால்யூம் செய்ய வேண்டும். இரண்டும் மாற்றும் வேலைகள், இரண்டு பேர் வேண்டும். ரோஸும் அஸ்லானும் உட்கார்ந்தார்கள். மையங்களைக் கூப்பிடும் வேலை எனக்கு வந்தது.

"எங்க சீக்கிரம் மெஷின் போட்டாங்களோ அங்க முதல்ல" என்றார் ரோஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெலுக் இந்தான் சென்டர்ல பேஷண்ட் வேன் விடியறதுக்கு முன்னாடியே வந்துரும். அவங்கதான் ரொம்ப நேரமா தண்ணி இழுத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் தஞ்சோங் மாலிம். ஈப்போ கடைசி. எல்லாரையும் பேப்பர் சார்ட்ல இருக்கிற எடைக்கு மாத்திட்டோம்னு அவங்க வாயால சொன்ன பிறகுதான் போனை வைக்கணும்."

நியாயமான வரிசை. தண்ணீர் அதிகம் இழுபட்டிருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

சட்டைப் பையில் என் கைப்பேசி இருந்தது. அதில் முதல் எண் பத்மாவுடையது. ஒரு விரல் தட்டினால் போதும், "நர்சு மிஸ்ஸியைக் கூப்பிட்டு மெஷினை நிறுத்தச் சொல்லு" என்று சொல்லிவிடலாம். அலுவலகத் தொலைபேசியில் தெலுக் இந்தான் மணி அடித்துக்கொண்டிருந்தபோதே அதைச் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. நேர்மை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வரிசை சொல்லப்பட்டுவிட்டது, நான் வரிசையில் நின்று பழகிய ஆட்களின் பிள்ளை. முன்னால் இருக்கிறவனைத் தாண்டிப் போக எங்கள் கால் எழும்பாது. அவ்வளவுதான்.

தெலுக் இந்தானில் எடுத்த தாதி பாதிப் பேச்சிலேயே, "ஐயோ, கொஞ்சம் இருங்க அண்ணே" என்று போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். அங்கே டயாலிசிஸ் முடியும் தறுவாயில் இருந்த ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய், ஏன் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். காலடிச் சத்தம், இரும்புத் தள்ளுவண்டியின் சத்தம், யாரோ "அப்பா, அப்பா, கண்ணைத் தொறங்க" என்று கூப்பிடுவது, எல்லாம் கேட்டது. நான் காத்திருந்தேன். அவர் திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, எல்லாரையும் மாற்றிவிட்டோம் என்று சொன்ன பிறகு வைத்தேன்.

தஞ்சோங் மாலிமில் லைன் கிடைக்கவில்லை. திரை அணைந்துவிட்டது என்று சொல்ல அவர்கள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எடுத்த தாதி நிதானமான ஆள். ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் அவரைப் பாராட்டியிருப்பேன்.

ஈப்போவில் உடனே எடுத்தார்கள். "அண்ணே, ஸ்கிரீன் செத்துப் போச்சிலா. இங்க ஒரு அக்கா மயங்கிட்டாங்க. அப்புறம் கூப்பிடுங்க." வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பயம் வந்தது. அப்பா செத்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. யார் என்று கேட்க நேரமில்லை, கேட்கவும் தேவையில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவும் அடித்தேன். "வைக்காதீங்க மிஸ்ஸி, மெஷின்ல போட்டிருக்கிற எடை தப்பு, எல்லாருக்கும் தப்பா இருக்கலாம், பேப்பர் சார்ட்டைப் பாருங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கத்தி மற்றவர்களுக்குச் சொல்வது கேட்டது. எல்லாரையும் மாற்றிவிட்டோம் என்று அவர் வாயால் வந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

"மயங்கினது யாரு மிஸ்ஸி?"

"லகாட்லேருந்து வர்ற பத்மா அக்கா. ஆம்புலன்ஸ் வருது. நீங்க யாரு, தெரிஞ்சவங்களா?"

ரோஸிடம் போய், ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஈப்போவில் மயங்கியது என் மனைவி என்று சொன்னேன். அவர் ரூலரைக் கீழே வைத்தார். அஸ்லான் எழுந்து, கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினான். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான். காலையில் தான் அனுப்பிய ஓகேயைப் பற்றியே புலம்பினான். எனக்கு அவனைச் சமாதானப்படுத்தத் தெம்பில்லை.

பத்மா பிழைத்துக்கொண்டாள். ரத்தத்துக்குத் திருப்பித் தண்ணீர் ஏற்றி, இதயத்தைப் பார்த்து, சில நாள் படுக்கையில் வைத்தார்கள். கண் விழித்ததும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை மன்னிப்புக் கேட்பதாக இருந்தது.

"மிஸ்ஸி கேட்டுச்சு, ஏங்க்கா இன்னிக்கு இவ்வளவு தண்ணி எடுக்கணும்னு வருது, நெறைய குடிச்சீங்களான்னு. பக்கத்து வீட்டு ஹரிராயா ஓப்பன் ஹவுஸ் விருந்துல ரெண்டு கிளாஸ் சீராப் குடிச்சேன்ல. அதான் போலன்னு நெனச்சிட்டேன். திட்டுவாங்கன்னு ஒண்ணும் பேசலை."

தண்ணீர் குடித்ததற்குத் திட்டு வாங்கி வாங்கிப் பழகியவர்கள் இந்த நோயாளிகள். திரை தப்பாகச் சொன்னபோதும் அவள் தன்மேல்தான் தப்பு என்று எடுத்துக்கொண்டாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வால்யூமைப் பிறகு பிரித்துப் பார்த்தோம். சில நோயாளிகளின் பக்கங்களில் பல நாளுக்கு முந்தைய எண்கள் வந்து உட்கார்ந்திருந்தன. மற்றவர்களுடையது சரியாக இருந்தது. எது சரி, எது தப்பு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நேற்றைய பிரதியிலிருந்து செய்த புது வால்யூமைச் சோதித்து மாட்டினோம். தானாகத் திறந்துகொள்ளும் வசதியை எடுத்துவிடச் சொல்லி சிவாவே வந்து நின்றார். சுருக்கப் பெரட்டு அன்றோடு ஒழிந்தது. அஸ்லான் ஒரு ரூலர் வாங்கி வந்தான், யாரும் சிரிக்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று ரோஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நானே பேச்சை எடுத்தேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வரிசையை மாத்தியிருப்பீங்களா மேடம்?"

"மாத்தியிருக்க மாட்டேன் அண்ணே" என்றார். "உங்க கையிலேருந்து போனை வாங்கியிருப்பேன்."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வீட்டில்தான் அது முடியவில்லை. தாதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே பத்மா கேட்டாள்.

"எங்க சென்டரை எத்தனாவதாக் கூப்பிட்டீங்க?"

"மூணாவதா."

"தெலுக் இந்தான்தான் முதல்லயாமே."

"ஆமா. அங்க ஒருத்தருக்கு ரொம்ப முடியாம இருந்துச்சு."

"பொழைச்சிட்டாரா?"

"நல்லா இருக்காராம்."

"நல்லதுலா" என்றாள். உண்மையாகவே சொன்னாள், அவள் முகத்தில் அது தெரிந்தது. எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு, "என்னைய வேற சென்டருக்கு மாத்திவிடுங்க. உங்க கம்பெனி பார்க்காத சென்டரு" என்றாள்.

வேறு மையம் என்றால் தூரம், இடம் கிடைப்பது கஷ்டம், இந்தத் தாதிகள் பழகியவர்கள், எங்கள் வால்யூம் இப்போது முன்பைவிடப் பத்திரம் என்று நான் அடுக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க செஞ்சது சரிதாங்க. நான் குத்தம் சொல்லலை. அங்க இருக்கிற வரைக்கும் நீங்க சரியாத்தான் செய்வீங்க, நான் மூணாவதாத்தான் இருப்பேன். வேற எடத்துல இருந்தா, நீங்க எனக்கு வெறும் புருஷன்தானே. மொத ஆளா என்னையக் கூப்பிடலாம்ல."

நான் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாளே வேறு மையங்களைக் கூப்பிட்டு இடம் கேட்கத் தொடங்கினேன்.

இடம் கிடைக்க நாளானது. ஈப்போவின் இன்னொரு மூலையில் ஒரு சிறிய மையம். எடையை வெள்ளைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். அவளை அங்கே முதல் முறை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன். முழுப் பதிலையும் வரவழைத்து, வரி வரியாகப் படித்து முடித்தேன். எல்லா வால்யூமும் ஓகே, எல்லா நிகழ்வும் வெறுமை. கைப்பேசியை எடுத்து முதல் எண்ணைத் தட்டினேன்.

"என்னாங்க, என்னா பிரச்சனை?" என்றாள் பதறிப்போய்.

"ஒண்ணும் இல்ல. சும்மாத்தான்."

அவளுக்குப் பின்னால் மெஷின் சுற்றுவது கேட்டது.

"கையில ஊசி குத்தியிருக்கு, பேச முடியாது" என்றாள். "நாளன்னிக்கும் கூப்பிடுங்க."